இருநூற்றுப் பன்னிரண்டு மூக்குக்கண்ணாடிகள்

லிலோங்வே விமான நிலையத்தில்
பெட்டிகள் சுற்றும் பட்டை பாதியில் நின்றுபோனது.
ஆட்கள் மேலே ஏறிக் குனிந்து
அவரவர் பெட்டியை இழுத்துக்கொண்டார்கள்.
என்னுடையதில் மட்டும்
சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.

சுங்க மேசையில் லவ்மோர் கடமாஞ்சா.
நான் விமானத்தில் முழங்காலில் வைத்து நிரப்பிய படிவத்தைக்
கை நீளுமட்டும் தள்ளிப் பிடித்தார்.
பிறகு என்னிடமே நீட்டினார்.
"வந்த நோக்கம். என்ன எழுதியிருக்கிறது?"

எழுதும்போது சின்னச் சொல்லாகத்தான் இருந்தது.
பின்னால் வரிசை. ஒரு குழந்தையின் அழுகை.
"உதவி செய்ய" என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"எத்தனை நாள்?"
பதினொன்று.
போக வர இரண்டைக் கழித்தால் ஒன்பது என்பதை
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டி திறந்தது.
நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை வாசலில்
அட்டைப்பெட்டி வைத்துச் சேர்த்தவை.
செத்துப்போன ஒரு கணக்காளருடையது,
கண் அறுவைக்குப் பின் டீச்சர் ஒருத்தி கழற்றிப் போட்டது,
காம்பில் பல்தடம் உள்ள ஒன்று.
எல்லாவற்றையும் அளந்து, துடைத்து, எண் எழுதி
உறையில் போட்டேன், இருபத்தாறு இரவுகள்.
"விற்கவா?"
இல்லை.
"அப்படியென்றால் விலை?"
இல்லாத விலைக்கு எத்தனை சதவீதம் வரி என்று
தடித்த புத்தகம் ஒன்றில் தேடினார்,
மறுபடியும் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து.

கடையில் பதினாலு வருடம்.
அந்தக் கழுத்து எனக்குத் தெரியும்.
ப்ளஸ் இரண்டு. ஒருவேளை இரண்டேகால்.
லஞ்சம் என்று யாரும் நினைப்பார்களோ எனத் தயங்கி
மூன்றாம் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.
பெண்கள் சட்டகம், ஓரத்தில் ஊதாப் பூ.

போட்டுக்கொண்டார்.
புத்தகத்தைப் பார்க்கவில்லை.
இழுப்பறையிலிருந்து கைபேசியை எடுத்தார்.
பக்கத்து மேசைப் பையன்,
நான்தான் காலையிலேயே படித்துச் சொன்னேனே
என்பதுபோல் பாதி எழுந்தான்.
கையைக் காட்டி அவனை உட்காரச் செய்துவிட்டு
மெதுவாகப் படித்தார்.
திரும்ப முதலிலிருந்து.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
படிவத்தில் முத்திரை,
கட்டத்துக்குள், நேராக.
"ஸிகோமோ" என்றார்.

நன்றி என்று அர்த்தம், என்றாள் ஃபலேசி.
வழி விடுங்கள் என்றாலும் அதுதான்.
சில நேரம், மன்னியுங்கள்.

ஸலீமா மருத்துவமனைச் செவிலி அவள்,
காலை ஆறிலிருந்து வண்டியோடு நிற்கிறாள்.
பெட்டியை அங்கேயே எஞ்சின் மூடிமேல் விரித்து
ப்ளஸ் இடப்பக்கம், மைனஸ் வலப்பக்கம் என்று
சீட்டு விளையாடுகிறவளைப்போல் பிரித்தாள்.
"போன வருடக் குழுவும் இப்படித்தான், பாதிக்கு மேல் மைனஸ்.
எங்களிடம் வருகிறவர்களுக்கு ஊசிக்காது தெரியாது,
அவரையில் கிடக்கும் கல் தெரியாது.
ஏரியில் தூரத்தில் வருவது யார் படகு என்று கேளுங்கள்,
என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்."

உதவும் கண்ணாடிகள் அறுபத்தொன்று.
"பட்டியலில் அறுபத்திரண்டு என்று இருக்கிறதே?"
ஒன்று உள்ளே இருக்கிறது, என்றேன்.
கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.
"அந்த எண் நாளை ஒருத்திக்கு வேண்டியிருக்கும்.
இல்லையென்று நீங்களே சொல்லுங்கள்.
நான் மொழிபெயர்க்கிறேன்."

சாலையில் கரிமூட்டை ஏற்றிய மிதிவண்டிகள்,
தக்காளியைக் கோபுரமாக அடுக்கிய சிறுமிகள்.
பின் இருக்கையில் நூற்றைம்பது மைனஸ்
பள்ளத்துக்குப் பள்ளம் கலகலத்தது.
அந்தக் கவிழ்ந்த கைபேசியில் என்ன இருந்திருக்கும் என்றே
யோசித்துக்கொண்டு வந்ததில்,
ஃபலேசி கண்ணைச் சுருக்கி ஓட்டுவதும்
ஒவ்வொரு ஊர்ப்பலகையையும்
கிட்டே போனபின்தான் படிப்பதும்
வெகுநேரம் என் கவனத்தில் படவில்லை.

"அந்த மைனஸ்களில் ஒன்றை நீங்கள்" என்று ஆரம்பித்தேன்.

"அவையா?" என்றாள்.
"கணக்கில் நோயாளிகளுக்கு என்று இருக்கிறது."